பொதட்டூர்பேட்டைக்குப் போகும் வழி

ஸ்கந்தகுமாருக்கு வருகிற போன் எல்லாமே எதுவோ கெட்டுப்போனதால் வருகிற போன். லைன் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் அவன் ஞாபகம் யாருக்கும் வராது. அதில் அவனுக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. ஒரு நாள் அந்த போனில் தமயந்தியின் குரல் வந்தது. அதற்கப்புறம்தான், நன்றாக ஓடுகிற லைனைப் பார்த்தால் அவனுக்கு மனசு என்னவோபோல் ஆக ஆரம்பித்தது.

திருத்தணியில் மலைக்கு ஏறுகிற சாலையோரம், சரிவில் கட்டிய ஒரு லாட்ஜ். அதன் மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை. அதுதான் அவன் ஆபீஸ், அதுதான் வீடு. வாசலில் உயரமான இரும்புக் கம்பம். அதன்மேல் ஆளுக்கொரு திசை பார்த்தபடி தட்டு ஆண்டெனாக்கள்: ஒன்று பள்ளிப்பட்டுக்கு, ஒன்று பொதட்டூர்பேட்டைக்கு, ஒன்று திருவாலங்காட்டுக்கு. சென்னையிலிருந்து கம்பி வழியாக வருகிற இன்டர்நெட்டை அந்த ஊர்களின் பிரவுசிங் சென்டர்களுக்குக் காற்றில் அனுப்பிவைப்பது ஒரு சென்னைக் கம்பெனியின் தொழில். திருத்தணியில் அந்தக் கம்பெனி என்றால் ஸ்கந்தகுமார் ஒருவன்தான்.

லாட்ஜில் தங்க வருகிறவர்கள் மொட்டை போட்டு, சந்தனம் அப்பிய தலையோடு, ஈரத்துணி காயப்போட மாடிக்கு வருவார்கள். கம்பத்தைப் பார்ப்பார்கள், அவனைப் பார்ப்பார்கள்.

"டிவி ரிப்பேருங்களா?"

"ஆங்" என்பான். விளக்கிச் சொல்வதைவிட அது சுலபம்.

அப்பா நாராயணசுவாமி மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைத்தவர். முறை வந்தால் விடிவதற்குள் மலையேறிவிடுவார். அண்ணன் சாய்ராம் மீசை முளைக்குமுன்பே கரண்டி பிடித்துவிட்டான். அப்பா ஸ்கந்தகுமாரையும் கூட்டிப்போய்ப் பார்த்தார். அடுப்புப் பக்கம் அவன் நன்றாகவே வேலை செய்தான். ஆனால் ஒரு கிருத்திகையன்று பிரசாதம் கொடுக்கும் ஜன்னலில் நிற்கவைத்தபோது, உள்ளே நீண்டு வந்த கைகளைப் பார்த்து அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. யார் முதலில் கேட்டார், யாருக்குக் கொடுத்தாயிற்று, ஒன்றும் புரியவில்லை. தொன்னையைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தவன், வேலையென்று மலைக்குத் திரும்பப் போகவில்லை. அப்பா திட்டவில்லை. "அவனுக்குக் கூட்டம் ஆகாது" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

தொண்ணூறுகளில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஊர் பேசும். இந்தப் பக்கம் அவன் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பான். அழுகிறவர்கள், கத்துகிறவர்கள், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே "நான் நல்லாக்கீறேன்" என்று சிரிக்கிறவர்கள். எல்லாருக்கும் எங்கேயோ ஓர் ஆள் இருந்தார். பூத்து காலியாக இருக்கும்போது அவன் கண்ணாடிக்குள் போய் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்திருக்கிறான். டயல் டோன் கேட்கும். எந்த நம்பரைப் போடுவது என்று தோன்றாது. வைத்துவிட்டு வந்துவிடுவான்.

அந்த வருஷங்களில்தான் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார் வருவார்கள், கேசரி சாப்பிடுவார்கள், போவார்கள். அப்புறம் சேதி வரும். சேதி அம்மாவிடம்தான் வரும். அம்மா ஜெயம் அதைத் தனக்குள் வாங்கி, ஆறவைத்து, அவனிடம் ஒரே வரியாகச் சொல்வாள்: "ஜாதகம் சேரலையாம்டா." ஒவ்வொரு தடவையும் ஜாதகம்தான். அம்மா போன பிறகு ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "அந்த நாகலாபுரத்துப் பொண்ணு, பையன் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கானேன்னு சொல்லிடுத்தாமே, நீதானே அது?" ஸ்கந்தகுமார் அன்றைக்குத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒரு ஜாதகமும் சேராமல் போகவில்லை.

கம்பெனியில் சேர்ந்தபோது சென்னையில் கொஞ்ச நாள் வகுப்பு வைத்தார்கள். ரவுட்டர் என்பது சந்தியில் நின்று வழி சொல்கிற ஆள் மாதிரி என்று ஆரம்பித்தார் சொல்லிக்கொடுத்தவர். பழைய முறையில் ஒரு ரவுட்டர் பக்கத்து ரவுட்டருக்குத் தன் முடிவை மட்டும் சொல்லும்: "அந்த ஊருக்கு என் வழியா போ, இவ்வளவு தூரம்." அது சொல்வதை இது நம்பும், இது சொல்வதை அடுத்தது நம்பும். நடுவில் ஒன்று வாயை மூடிக்கொண்டால் அதற்குப் பின்னால் இருப்பவர்களுக்கு அந்த ஊரே இல்லை. ஸ்கந்தகுமார் பெஞ்சில் உட்கார்ந்தபடி அம்மாவை நினைத்துக்கொண்டான்.

புதிய முறை வேறு. அதற்கு லிங்க்-ஸ்டேட் என்று பெயர். இதில் ஒவ்வொரு ரவுட்டரும் தன் வாசலில் உள்ளதை மட்டும் சொல்லும்: என்னிடமிருந்து இன்ன ஊருக்கு ஒரு வழி, அதற்கு இவ்வளவு செலவு. கேட்டது அதை ஓர் எழுத்து மாற்றாமல் அடுத்ததற்குக் கொடுக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் எல்லார் கையிலும் ஒரே வரைபடம் வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு செலவு குறைந்த வழியை அவரவரே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். திருத்தணி வட்டாரத்தில் கம்பெனி வைத்திருந்தது இந்த முறைதான்.

பொதட்டூர்பேட்டையில் சென்டர் வைத்திருந்தவள் தமயந்தி. கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து திரும்பி வந்து அப்பாவோடு இருந்தாள். அப்பா சடகோபன் வீட்டின் தெருப்பக்கத்து அறையை அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தார். ஊரில் நெய்கிற லுங்கிகளின் கட்டத்தை ஸ்கேன் செய்து வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்புவதுதான் அவளுக்கு முக்கியமான வேலை. பையன்கள் வந்து பரீட்சை ரிசல்ட் பார்ப்பது அதற்கு அப்புறம். இந்த விவரமெல்லாம் ஸ்கந்தகுமாருக்குச் சொன்னவன் பள்ளிப்பட்டு சென்டர்க்காரன் பக்தவச்சலம். கேட்காமலே சொல்கிற ஆள்.

அவளை அவன் பார்த்ததில்லை. அங்கே ஆண்டெனா கட்டப் போனது சென்னையிலிருந்து வந்த வேறு ஆள். போனில் அவள் எப்போதும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பாள்.

"சார், லைன் இருக்குதா?"

"இருக்குதுங்களே."

"உங்களுக்கு இருக்குது. எனக்கு இல்லியே."

ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வான். அது திரும்ப எழுந்து, விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வர நேரம் பிடிக்கும். போனை வைக்க முடியாது; வந்ததா இல்லையா என்று தெரிய வேண்டுமே. அந்த நேரத்தில்தான் பேச்சு.

"மலையில இன்னிக்கு இன்னா பிரசாதம் சார்?"

"தெரியலைங்க. நான் மேல போறதில்ல."

"மலைக்குக் கீழயே இருந்துகினு மலைக்குப் போமாட்டாரா! நாங்க இங்கேருந்து நடந்து வர்றோம்."

"கூட்டம் ஆகாதுங்க எனக்கு."

"கூட்டம் இல்லாத நாள்ல போங்க. சாமி ஒண்ணும் சொல்லமாட்டாரு." உடனே, "ஆங், மூணாவது லைட்டு வந்துட்ச்சு" என்பாள்.

இவ்வளவுதான். அதற்குமேல் ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் அவனோடு ஒரு நாளில் இவ்வளவு பேசுகிற வேறு ஆள் கிடையாது. கீழே ஓட்டலில் சாப்பாடு வைக்கிறவர் அவன் முகத்தைப் பார்த்தே கொண்டுவந்து வைத்துவிடுவார். "சாதம்" என்று சொல்லக்கூட வேண்டியதில்லை. போன் வராத நாட்களில் சாயங்காலம் அவன் தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொள்வான், குரல் இருக்கிறதா என்று.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் ஆடி பிறந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. ஆடிக்காற்றில் பொதட்டூர்பேட்டைக் கம்பம் ஆட, அதற்கும் திருத்தணிக்கும் நேராக இருந்த வழி அறுந்தது, ஒட்டியது, மறுபடி அறுந்தது. அறுந்தால் அந்தச் சேதி எல்லா ஊருக்கும் போகும். எல்லா ரவுட்டரும் கணக்கைக் கலைத்து முதலிலிருந்து போடும். போட்டு முடிப்பதற்குள் ஒட்டிக்கொள்ளும், மறுபடி கணக்கு. திருவாலங்காட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக்கூடப் படம் பாதியில் நிற்கும். சென்னையிலிருந்து மேனேஜர் கத்தினார்.

தமயந்தியின் போன் தினம் இரண்டு மூன்று தடவை வந்தது. ஸ்கந்தகுமாருக்கு அந்த ஆடி ஒரு விசேஷ மாதம்போல் இருந்தது. அதை அவன் தனக்குள்கூட வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு மத்தியானம் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் கேட்டது.

"தமயந்தி! அந்த சாமிகிட்ட சொல்லு. ஆடிக்கிருத்திகை முடியட்டும். இதே கதையா இருந்தா இந்த டப்பாவெல்லாம் தூக்கி வெளிய வெச்சிட்டு செல்போன் கடைக்காரனுக்கு ரூமை விட்டுருவேன்."

"நைனா, லைன்ல இருக்காரு..."

"இருக்கட்டும், கேக்கட்டும். அங்க வியாபாரி கட்டம் வரல, கட்டம் வரலன்னு உயிரை வாங்கறான். இவங்க லைட்டு எண்ணிகினு கீறாங்க."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் வந்தது.

"கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டுதுங்க. அப்படி ஆனா நீங்க இன்னா செய்வீங்க?"

"இன்னா செய்றது. நகரியில அக்கா வூடு இருக்குது. அங்க போய் அவ புள்ளைங்களுக்குச் சோறு ஊட்டிகினு இருக்கணும்." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "கொஞ்சம் பாருங்க சார். வேற இன்னா சொல்லட்டும்."

போனை வைத்த பிறகு ஸ்கந்தகுமார் வெளியே வந்து கம்பத்துக்குக் கீழே நின்றான். யாரோ காயப்போட்ட மஞ்சள் வேட்டி காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. லைனைச் சரிசெய்யாவிட்டால் அவள் நகரிக்குப் போய்விடுவாள். சரிசெய்துவிட்டால் அவளுக்கு போன் செய்யக் காரணம் இருக்காது. இரண்டில் எதைத் தொட்டாலும் அந்தக் குரல் போய்விடும். ஆனால் ஒன்றில் அவள் தன் மேஜையில் உட்கார்ந்திருப்பாள். எதைச் செய்வது என்பதில் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. சந்தேகம் வராததுதான் அவனை ரொம்ப நேரம் அங்கேயே நிற்கவைத்தது.

நேர் வழி ஆடுகிறது. ஆனால் சுற்று வழி ஒன்று இருந்தது: திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டுக்குப் போய், அங்கிருந்து பொதட்டூர்பேட்டைக்கு. மெதுவான வழி, ஆனால் விழாது. மெதுவானது என்பதால் வரைபடத்தில் அதன் செலவை அதிகமாகப் போட்டுவைத்திருந்தார்கள். அதனால் எந்த ரவுட்டரும் அதைத் தேடிப் போவதில்லை.

மறுநாள் அம்மாவுக்குத் திதி. அண்ணன் வீட்டுக்குப் போயாக வேண்டும். அதற்கு முன்னால் முடித்துவிடலாம் என்று காலையிலேயே திருத்தணி ரவுட்டரில் உட்கார்ந்தான். பொதட்டூர்பேட்டைக்கு நேராகப் போகலாம் என்று வரைபடம் சொல்கிற வழியை உள்ளே எடுத்துக்கொள்ளாதே என்று ஒரு ஃபில்டர் போட்டான். பிறகு, பொதட்டூர்பேட்டைக்கு வருவதையெல்லாம் பள்ளிப்பட்டுப் பக்கம் தள்ளிவிடு என்று கையால் ஒரு வரி எழுதினான். வழிப்பட்டியலைத் திறந்து பார்த்தான். "பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு வழியாக" என்றுதான் காட்டியது. நேர் வழி எவ்வளவு ஆடினாலும் அந்த வரி அசையவில்லை. போட்ட சட்டத்துக்கு மனிதர்கள் இவ்வளவு சீக்கிரம் கட்டுப்பட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு குளிக்கப் போனான். செல்போனை அணைத்துக் கட்டிலில் போட்டுவிட்டுக் கிளம்பினான்.

சாய்ராம் வீட்டில் புரோகிதர் வந்துவிட்டிருந்தார். அண்ணன் மணையில் உட்கார்ந்து மந்திரம் சொல்ல, பின்னால் தர்ப்பையை விரலில் சுற்றிக்கொண்டு இவன் நின்றான். எல்லாம் முடிந்து இலை போட்டபோது அண்ணன் மனைவி பார்கவி பரிமாறினாள்.

"இன்னும் ஒரு அதிரசம் போட்டுக்கோங்கோ."

"போதும் மன்னி."

"போன வருஷத் திதிக்கும் போதும்னுதான் சொன்னேள். அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் இந்தப் பக்கம் வரேள். இங்கேருந்து அங்க கூப்பிடு தூரம்."

"அவன் வேலை அப்படி" என்றான் சாய்ராம், இலையைப் பார்த்துக்கொண்டே. "ஊருக்கெல்லாம் லைன் குடுக்கறான்."

"நமக்கும் ஒரு லைன் குடுக்கச் சொல்லுங்கோ" என்று பார்கவி சிரித்தாள்.

ஸ்கந்தகுமாரும் சிரித்தான். அண்ணனுக்கும் அவனுக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை இருந்தாலாவது யாராவது நடுவில் வந்து சேர்த்துவைப்பார்கள். எழுந்து கை கழுவும்போது சாய்ராம், "மழை வந்தா அந்த ரூம் ஒழுகறதாடா?" என்று கேட்டான். "இல்லைண்ணா" என்றான். பார்கவி ஒரு தூக்கில் அதிரசமும் வடையும் வைத்துக் கொடுத்தாள்.

திரும்பும்போது கிருத்திகைக்கான பந்தல் கால்கள் சாலையோரம் நட்டுக்கொண்டிருந்தார்கள். அறைக்கு வந்து செல்போனைப் போட்டதும், அது அவன் கையிலேயே அடித்தது.

"இன்னா சாமி, எங்க போய்ட்டே?" பக்தவச்சலம். "காலைலேர்ந்து அந்தப் பொதட்டூர்பேட்டைப் பொண்ணு உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, நீ எடுக்கலைன்னு என்னைக் கூப்பிட்டுகினு இருக்குது. சுத்தமா லைன் இல்லியாம்."

"இல்லாம எப்படி? உன் வழியா திருப்பிவிட்டிருக்கேனே."

"நீ திருப்பிவிட்டே. எனக்கு யாரு சொன்னா?"

"உனக்கு எதுக்குச் சொல்லணும்?"

"நீயே பாரு சாமி. நீ எங்கிட்ட அனுப்பறே. என் பொட்டி உங்கிட்டயே திருப்பி அனுப்புது. நடுவுல அந்தப் பொண்ணு பாவம், கட்டத்தைக் கையில வெச்சிகினு நிக்குது."

ஸ்கந்தகுமார் கீபோர்டில் உட்கார்ந்தான். பொதட்டூர்பேட்டைக்குச் சோதனையாக ஒரு பாக்கெட்டை, ஒரு துண்டுச் சேதியை, அனுப்பி, அது எந்த எந்த ஊரைத் தாண்டிப் போகிறது என்று கேட்டான். திரையில் வரிசையாக வந்தது. திருத்தணி. பள்ளிப்பட்டு. திருத்தணி. பள்ளிப்பட்டு. திருத்தணி. ஒவ்வொரு ஊரையும் தாண்டும்போது பாக்கெட்டின் ஆயுளில் ஒன்று கழியும். கழிந்து கழிந்து, போக வேண்டிய ஊரைப் பார்க்காமலே அது எங்கேயோ செத்துப்போனது. காலையிலிருந்து அவளுக்குப் போக வேண்டியது எல்லாமே இப்படித்தான் செத்திருக்கிறது.

ஃபில்டர் போட்டது அவன் ரவுட்டருக்குள் மட்டும். வரைபடத்தைத் தன் பட்டியலில் ஏற்றிக்கொள்ளாமல் அது கண்ணை மூடிக்கொண்டதே தவிர, வாய் மூடவில்லை. "பொதட்டூர்பேட்டைக்கு என்னிடமிருந்து நேர் வழி, குறைந்த செலவு" என்கிற பழைய சேதி அவன் கம்பத்திலிருந்தே எல்லா ஊருக்கும் போய்க்கொண்டுதான் இருந்தது. பள்ளிப்பட்டு அதை நம்பித் திருத்தணிக்கே திருப்பி அனுப்புகிறது. அதன்மேல் தப்பில்லை. எல்லார் கையிலும் ஒரே வரைபடம் இருக்கிற இடத்தில் ஒருத்தன் மட்டும் மனசை மாற்றிக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

செய்ய வேண்டியது ஃபில்டர் இல்லை. நேர் வழியின் செலவையே வரைபடத்தில் ஏற்றிக் காட்ட வேண்டும். அப்போது எல்லா ரவுட்டரும் ஒரே கணக்கைப் போட்டு, ஒரே முடிவாகச் சுற்று வழிக்கு வந்துவிடும். நேர் வழி அறுந்தாலும் ஒட்டினாலும் யாருடைய பாதையும் மாறாது. ஆனால் ஒரு வழிக்கு இரண்டு முனை. திருத்தணி முனையில் ஏற்றினால் போதாது, பொதட்டூர்பேட்டை முனையிலும் ஏற்ற வேண்டும்.

ஃபில்டரை எடுத்தான். கையால் எழுதிய வரியை அழித்தான். தன் முனையில் செலவை ஏற்றினான். லைன் உயிர் பெற்றது. பொதட்டூர்பேட்டை ரவுட்டருக்குள் இங்கிருந்தே போய் அந்த ஒரு வரியையும் மாற்றிவிட்டு வந்துவிடலாம். ஒரு நிமிஷ வேலை. அவன் விரல் அதற்கான எழுத்துகளின்மேல் நின்றது. நின்ற விரலை எடுத்துக்கொண்டு போனை எடுத்தான்.

"தமயந்திங்களா?"

"சார்! எங்க சார் போய்ட்டீங்க? இங்க நைனா ஆடித் தீர்த்துட்டாரு."

"வீட்டில அம்மா திதிங்க. தப்பு என்மேலதான். காலையில நான் ஒண்ணு போட்டேன், அது உங்களை அறுத்துடுச்சு."

தப்பு என்மேல் என்று கம்பெனிக்காரன் சொல்லி அவள் கேட்டதில்லை போலிருக்கிறது.

"திதியா. சரிங்க, சரிங்க." குரல் இறங்கிவிட்டது. "சாப்டீங்களா?"

"ஆச்சு. இப்ப ஒரு வேலை செய்யணும். உங்க ரவுட்டர்ல ஒரு வரி அடிக்கணும். நான் சொல்றேன், நீங்க அடிங்க."

"நானா? எதாச்சும் வெடிச்சிடப்போவுது சார்."

"வெடிக்காதுங்க."

நீல நிற ஒயரைக் கம்ப்யூட்டரில் எங்கே சொருகுவது என்பதிலிருந்து ஆரம்பித்தான். கறுப்புத் திரை வந்தது என்றாள். பாஸ்வேர்டைச் சொன்னான். அடிக்கிற எழுத்து தெரியவில்லையே என்றாள். தெரியாது, அடியுங்கள் என்றான். கடைசி வரிக்கு வந்தபோது ஒவ்வொரு எழுத்தாக இறக்கினான்.

"ஐ."

"ஐ."

"பி. ஒரு இடம் விடுங்க."

"வுட்டாச்சு."

"ஓ... எஸ்... பி... எஃப்."

"மெதுவா சார், எஸ்ஸு எங்க கீதுன்னு தேடறேன். தினம் அடிக்கற எழுத்துதான், இன்னிக்குப் பாத்து ஓடி ஒளியுது."

"தேடுங்க. அவசரமில்ல."

அவன் அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவே அவள் மூச்சும், கீபோர்டின் சத்தமும் வந்தது. இவ்வளவு நேரம் அவர்கள் பேசியதே கிடையாது. பேசியது முழுக்க எழுத்துகளாக இருந்ததில் அவனுக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. வேறெதையும் அவனால் இவ்வளவு நிதானமாகச் சொல்லியிருக்க முடியாது.

"காஸ்ட். சி, ஓ, எஸ், டி. இடம் விட்டு நூறு."

"நூறு போட்டாச்சு."

"என்டர் அடிங்க."

அடித்தாள். திருத்தணித் திரையில் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணக்கு ஒரு தடவை கலைந்து திரும்பக் கூடியது. பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு வழியாக. பள்ளிப்பட்டு ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தான். அது இப்போது திருத்தணிக்குத் திருப்பாமல் பொதட்டூர்பேட்டைக்கே கை காட்டியது. வெளியே காற்று கம்பத்தைப் பிடித்து உலுக்கியது. நேர் வழி அறுந்தது. ஒரு வரிகூட நகரவில்லை.

"சார், மெயில் தொறக்குது! கட்டம் போவுது சார், போய்கினே கீது!" உள்பக்கம் திரும்பிக் கத்தினாள். "நைனா, போவுது!" பிறகு போனில், மெதுவாக: "ரொம்ப தேங்க்ஸ் சார். நான்தான் உங்களைத் தினம் தினம் போன் பண்ணித் தொந்தரவு பண்ணிகினு இருந்தேன். இனிமே பண்ணமாட்டேன்."

"தொந்தரவெல்லாம் இல்லீங்க."

"எனக்குத் தெரியாதா? வெச்சிடட்டுங்களா?"

"ஆங்" என்றான்.

ஆடிக்கிருத்திகை வந்தது. காவடிகளும் பஸ்களும் கூட்டமுமாக ஊர் இரண்டு நாள் மூச்சு விடவில்லை. லாட்ஜின் மாடிவரைக்கும் ஆட்கள் படுத்திருந்தார்கள். ஸ்கந்தகுமார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தான். போன் வந்தது: திருவாலங்காட்டில் ஒரு மோடம் எரிந்துவிட்டது. இன்னொரு போன்: மேனேஜர், "இந்த வாரம் ஒரு கம்ப்ளெயின்டும் இல்லை, பரவாயில்லையே" என்றார்.

கூட்டம் வடிந்த பிறகு பக்தவச்சலம் கூப்பிட்டான். லைன் பற்றி ஒன்றுமில்லை. அவனுக்குப் பேச வேண்டும்.

"சடகோபன் செல்போன் கடைக்காரனை வேணாம்னுட்டாராம், தெரியுமா? பொண்ணு இன்னொரு கம்ப்யூட்டர் கேக்குதாம்."

"நல்லது."

"நல்லதுன்னு சொல்லிட்டு உம்முனு கீறியே சாமி. அது உன்னைக் கூப்பிட்டுச் சொல்லலியா?"

"எதுக்குக் கூப்பிடணும்? லைன் நல்லா இருக்குதே."

"அதானே. நல்லா இருந்தா யாரு கூப்பிடறாங்க. நான்தான் கூப்பிடறேன், எனக்கு வேலை இல்ல" என்று சிரித்துவிட்டு வைத்தான்.

ஆடி போய் ஆவணி வந்தது. காற்று விட்டது. நேர் வழி இப்போது ஆடாமல் நின்றது. அதைப் பழையபடி மாற்றினால் வேகம் கூடும், மாற்றலாம். மாற்றினால் அடுத்த ஆடியில் திரும்ப அறுந்துபோகும் என்பதும் தெரியும். சில மத்தியானங்களில் அந்த வரியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் மூடினான். அவள் லைனை வேண்டுமென்றே அறுத்து அவள் குரலைக் கேட்கிற எண்ணம் ஒரே ஒரு தடவை வந்தது. வந்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டான்.

ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து மாடியேறி வந்தவன், உட்காராமல் நின்றபடியே போனை எடுத்து நம்பரை அழுத்தினான். உட்கார்ந்தால் யோசித்துவிடுவோம் என்று பயமாக இருந்தது. மணி அடித்தது. ஒவ்வொரு மணிக்கும் வைத்துவிடலாமா என்று இருந்தது.

"அலோ?"

"நான் திருத்தணியிலேருந்து..."

"சார்! சொல்லுங்க சார். லைன் நல்லாத்தான் கீது. எதனா மாத்தணுமா? ஒயரைச் சொருகட்டுமா?"

"இல்ல, இல்ல. ஒண்ணும் மாத்த வேணாம்."

"அப்பால?"

திரையில் எல்லா வரிகளும் பச்சையாக இருந்தன. சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

"சும்மாதான்" என்றான்.

"சும்மாவா?" அவள் குரலில் சிரிப்பா, ஆச்சரியமா, அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. "நீங்க சும்மா எல்லாம்கூட போன் பண்ணுவீங்களா சார்?"

அதற்குள் அந்தப் பக்கம் யாரோ வந்துவிட்டார்கள்.

"ஒரு நிமிசம் இருங்க சார், ஆள் வந்துகீறாங்க. வெச்சிடாதீங்க."

ரிசீவரை மேஜைமேல் வைக்கிற சத்தம். "இது ரெண்டு ஜெராக்ஸா, மூணா?" என்று அவள் கேட்பது தூரத்தில் கேட்டது. ஒரு கிழவர் ஏதோ சொன்னார். "பெரியவரே, இந்தப் பக்கம் கையெழுத்துப் போடலியே நீங்க, அதைப் போட்டுட்டு இல்ல எடுக்கணும்" என்றாள். நாற்காலி இழுபட்டது. தெருவில் ஒரு பஸ் நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அதற்குப் பின்னால், வீட்டுக்குள்ளோ பக்கத்து வீட்டிலோ, தறி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நிமிஷம் எப்போதோ ஆகிவிட்டது. ஸ்கந்தகுமார் கட்டிலின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்து, போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டான்.